சிறுநீரக சிகிச்சையில் கணக்கில் வராத செலவுகள்

ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் நோயாளியின் கையில் ஒரு ரசீது இருக்கும். டாக்டருக்குரிய கட்டணம், மருந்துகளின் விலை, சோதனைகளுக்கான தொகை ஆகியவை அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆஸ்பத்திரியை வந்தடைவதற்காக அவர் கொடுத்த பஸ் கட்டணமும், உடன் வந்த உறவினர் இழந்த ஒரு நாட்கூலியும், இருவரும் வெளியில் உண்ட உணவின் விலையும் அதில் காணப்படமாட்டா. ஒரு முறை வந்து குணமடைந்து திரும்பக்கூடிய நோயாயின் இச்செலவுகளைப் பெரிதாகக் கருத வேண்டியதில்லை. ஆனால், வாரந்தோறும் இரண்டு அல்லது மூன்று முறை, ஆயுள் உள்ளவரையில், ஆஸ்பத்திரிக்கு வந்தே தீர வேண்டிய நோயில் இவை சிகிச்சையின் உண்மையான விலையையே மாற்றிவிடுகின்றன. சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்துவிட்ட நிலை அத்தகையதாகும்.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மத்திய அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தைப் பார்லிமெண்டில் சமர்ப்பித்த நிதி அமைச்சர் அருண் ஜேட்லி இந்நோயைப் பற்றித் தனியே குறிப்பிட்டார். நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் சிறுநீரகம் முற்றிலும் கெட்ட நிலையைப் புதிதாக அடைகின்றனர் என்றும், அதனால் 3.4 கோடி முறை இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டிய தேவை கூடுகிறது என்றும் அவர் கூறினார். அப்போது இருந்த ஏறக்குறைய 4,950 டயாலிஸிஸ் நிலையங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை. பெரிய நகரங்களிலேயே அமைந்தவை. ஆகவே தேவையில் பாதியளவே நிறைவேறிற்று. ஒரு முறை சிகிச்சைக்குச் சுமார் ரூ. 2,000 வீதம் ஆண்டொன்றுக்கு ரூ. 3 லட்சத்திற்கு மேல் செலவாகிறது என்று கூறிய அமைச்சர், பெரும்பாலான குடும்பங்கள் அடிக்கடி நெடுந்தூரம் பிரயாணம் செய்து, பிரயாணச் செலவையும் கூலி இழப்பையும் சுமக்கின்றன என்பதையும் சேர்த்துக் கூறினார். கடைசியாகக் கூறப்பட்ட இவ்விஷயம் எத்துணை முக்கியமானது என்பதை உணர, முதலில் இச்சிகிச்சையின் தன்மையை அறிதல் வேண்டும்.

சிறுநீரகங்களின் வேலை

மனிதனுடைய முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் அமைந்திருக்கின்றன. இவற்றிற்கு நெப்ரான்கள் என்று பெயர். ஒரு நாளில் இவ்வடிகட்டிகளின் வழியே சுமார் 180 லிட்டர் திரவம் இரத்தத்திலிருந்து பிரிக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி உடலுக்கே திரும்பச் சேர்க்கப்பட்டு, எஞ்சிய ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் மட்டும் யூரியா முதலிய கழிவுகளுடன் சிறுநீராக வெளியேறுகிறது. உடலிலுள்ள உப்புக்களின் அளவைச் சமநிலையில் வைப்பதும், இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்துவதும், சிவப்பணுக்கள் உண்டாவதற்குத் தேவையான ஹார்மோனைச் சுரப்பதும் இவ்வுறுப்புக்களின் பணிகளே.

இவ்வேலை இரவு பகலாக, வாரத்தின் 168 மணி நேரமும் இடைவிடாது நடைபெறுகிறது. சர்க்கரை வியாதியினாலோ, இரத்தக் கொதிப்பினாலோ, வேறு காரணங்களினாலோ சிறுநீரகங்கள் சிறுகச் சிறுகப் பழுதுபடும்போது நோயாளிக்கு ஆரம்பத்தில் ஒரு குறியும் தோன்றுவதில்லை. முகமும் பாதங்களும் வீங்கி, பசி குன்றி, மூச்சுத் திணறல் உண்டாகி அவர் டாக்டரிடம் வரும்பொழுது, பெரும்பாலும் வடிகட்டும் சக்தியில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும்.

யந்திரமும் அதற்கு வேண்டிய வசதிகளும்

இந்நிலையில் இரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுவந்து, சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் முறைக்கு டயாலிஸிஸ் என்று பெயர். நெதர்லாந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ப் 1943-ஆம் ஆண்டில் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்து நோயாளிக்குப் பயன்படுத்தினார். எனினும் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தமையால் இச்சிகிச்சையை நெடுநாள் தொடர முடியவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிலையாகப் பொருத்தும் ஒரு குழாயைக் கையாண்டார். 1966-இல், கையிலுள்ள தமனியையும் சிரையையும் சிறு அறுவையால் இணைக்கும் பிஸ்டுலா என்னும் முறை வெளியிடப்பட்டது. அதன்பின்னரே நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் யந்திரத்தின் துணையுடன் உயிர் வாழ்வது எங்கும் சாத்தியமாயிற்று.

பொதுவாக ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், வாரத்திற்கு மூன்று முறை என்பது இச்சிகிச்சையின் அளவு. அதாவது, 168 மணி நேரத்தில் நடைபெற வேண்டிய வேலையை யந்திரம் 12 மணி நேரத்தில் ஒருவாறு செய்து முடிக்கிறது. அந்நேரத்தில் இரத்தம் மெல்லிய சவ்வின் ஒரு பக்கத்திலும், உப்புக்கள் அளவாகக் கரைந்த நீர் மறுபக்கத்திலும் ஓடுகின்றன. கழிவுப் பொருள்கள் சவ்வைக் கடந்து நீருக்குச் செல்கின்றன. நிமிஷத்திற்கு அரை லிட்டர் வீதம் நீர் ஓடுமானால் ஒரு முறைக்கு 120 லிட்டர் ஆகும். இந்நீர் குடிநீரைக் காட்டிலும் பன்மடங்கு தூய்மையானதாக இருத்தல் அவசியம். ஆகவே டயாலிஸிஸ் நிலையத்திற்கு யந்திரம் மட்டும் போதாது. நீரைத் தூய்மையாக்கும் சாதனம், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற பணியாளர், அவசரத்திற்கு உதவக்கூடிய டாக்டர் ஆகிய அனைத்தும் வேண்டும். இவை நகரங்களில் எளிதில் கிடைக்கின்றமையால் நிலையங்களும் நகரங்களிலேயே பெருகின. நோயாளிகளோ நாடெங்கும் பரவியுள்ளனர். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுந்தது.

ரசீதில் காணாத செலவு

ஒரு நோய்க்காகும் செலவைப் பொருளாதார நிபுணர்கள் மூன்று வகையாகப் பிரிப்பர். டாக்டர், மருந்து, சோதனை ஆகியவற்றிற்கு நேரே கொடுக்கும் தொகை முதல் வகை. பிரயாணம், உணவு, தங்குமிடம் போன்றவை இரண்டாவது வகை. நோயாளியும் அவருக்குத் துணை செய்வோரும் இழக்கும் வருமானம் மூன்றாவது வகை. இலவச சிகிச்சை என்று கூறப்படும்போது பெரும்பாலும் முதல் வகை மட்டுமே, சில சமயம் அதில் ஒரு பகுதி மட்டுமே, நீங்குகிறது.

டயாலிஸிஸ் நிலையத்திலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்தில் வாழும் ஒரு விவசாயத் தொழிலாளியை உதாரணமாகக் கொள்ளலாம். வாரத்திற்கு மூன்று முறை வீதம் ஆண்டில் 156 முறை அவர் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். போக வர 120 கிலோமீட்டர் வீதம் ஓராண்டில் அவர் கடக்கும் தூரம் 18,720 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதை நினைவிற் கொண்டால், இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அந்நோயாளி பூமியை ஒரு முறை சுற்றி வந்தவராகிறார்.

அவர் தனியே செல்லவும் இயலாது. நான்கு மணி நேரத்தில் உடலிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீர் வெளியேற்றப்படுவதால், சிகிச்சை முடிந்ததும் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றலும் அயர்வும் உண்டாவது சகஜம். பிஸ்டுலா உள்ள கையால் கனமான மூட்டைகளைத் தூக்கலாகாது. ஆகையால் மனைவியோ, மகனோ, சகோதரரோ ஒருவர் உடன் வருகிறார். ஒருவருக்கு ஒரு வழிக் கட்டணம் ரூ. 60 என்று வைத்துக்கொண்டால் இருவரும் போய் வர ரூ. 240 ஆகிறது; ஆண்டிற்கு ரூ. 37,440. இருவருடைய உணவிற்கு நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் ரூ. 15,600. துணைவர் இழக்கும் கூலி நாளொன்றுக்கு ரூ. 350 எனில் ரூ. 54,600. இம்மூன்றையும் கூட்டினால் ரூ. 1,07,640 ஆகிறது. நோயாளியும் முன்பு ஆண்டில் 300 நாட்கள் அதே கூலிக்கு வேலை செய்து வந்தவராயின் அவ்விழப்பு ரூ. 1,05,000. ஒரு காசும் கட்டணம் வாங்காத நிலையத்திலேயே சிகிச்சை பெற்றாலும், இக்குடும்பம் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட ரூபாயை ஆண்டுதோறும் இழக்கிறது. இங்குக் கொண்ட கட்டணமும் கூலியும் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவையே. ஊருக்கு ஊர் அவை மாறுபடலாம். ஆனால் கணக்கின் போக்கு மாறுவதில்லை.

இதனுடன் வேறு பல சிறு செலவுகளும் சேருகின்றன. இரத்த சோகைக்கான ஊசி மருந்து, பிஸ்டுலா அமைக்கும் அறுவை, காலந்தோறும் செய்ய வேண்டிய இரத்தச் சோதனைகள் ஆகியவற்றில் சில ஒரு திட்டத்தின் கீழ் வரும், சில வாரா. கடைசி பஸ் சென்றுவிட்டால் ஆட்டோவிற்குக் கொடுக்கும் வாடகையோ, ஓரிரவு தங்கும் செலவோ உண்டு. கையிருப்பு தீர்ந்தபின் கறவை மாடும் நகையும் விற்கப்படுகின்றன. வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. தாய் தந்தையர் இருவரும் விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் வீட்டில், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடுவதும் உண்டு. இவ்விழப்பை எந்தக் கணக்கிலும் ரூபாயாக எழுத இயலாது.

தூரத்தால் உடலுக்கு விளையும் தீங்கு

இச்செலவுகள் குடும்பத்தின் பணத்தை மட்டுமின்றி நோயின் போக்கையும் பாதிக்கின்றன. சிகிச்சைக்கும் சிகிச்சைக்கும் இடையே நாட்கள் கூடக் கூட, உடலில் நீர் தேங்குகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் பெருகுகிறது. நீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சுத் திணறும். பொட்டாசியம் அளவு கடந்தால் இருதயத்தின் துடிப்பு தடுமாறும். வாரத்தில் மூன்று முறை ஒழுங்காகச் சிகிச்சை பெறுவோரிடையேயும், இரண்டு நாள் இடைவெளி விழுகின்ற வார இறுதியை அடுத்தே மரணங்களும் அவசர அனுமதிகளும் மிகுதியாக நேர்கின்றன என்பது ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளது. அவ்வாறிருக்க, பஸ் கட்டணத்திற்குப் பணமில்லாமையால் ஒரு முறை தவறவிடும் நோயாளியின் இடைவெளி நான்கு ஐந்து நாட்களாக நீள்கிறது. நம் நாட்டில் பலர் வாரத்திற்கு இரண்டு முறையுடன் நிறுத்திக்கொள்வதற்குப் பணமும் தூரமும் முக்கிய காரணங்களாகும்.

நிபுணரை முதன்முதலாகக் காண்பதும் தூரத்தால் தாமதமாகிறது. பிஸ்டுலாவை அமைத்தபின் அது பயன்படுத்தத்தக்க அளவு முதிர்ச்சி பெற ஆறு வாரங்களுக்கு மேலும் ஆகலாம். முன்கூட்டியே நிபுணரைக் கண்டவருக்கு அவ்வவகாசம் கிடைக்கிறது. மூச்சுத் திணறிய நிலையில் முதன்முறையாக வந்து சேருபவருக்கோ, கழுத்துச் சிரையில் தாற்காலிகக் குழாயைப் பொருத்தி உடனே டயாலிஸிஸ் தொடங்க வேண்டியிருக்கிறது. அக்குழாயின் வழியே கிருமிகள் இரத்தத்தில் புகும் அபாயம் அதிகம். அதனால் மேலும் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் தங்கவும், விலையுயர்ந்த மருந்துகளை உபயோகிக்கவும் நேரிடுகிறது. பிரயாணச் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்ட ஒரு பரிசோதனை இவ்வாறு பன்மடங்கு செலவை விளைவிக்கிறது.

உத்தானம் கற்பிக்கும் பாடம்

ஆந்திரப் பிரதேசத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் ஜில்லாவின் கடற்கரையை ஒட்டி உத்தானம் என்னும் வட்டாரம் உள்ளது. தென்னை, முந்திரி, பலா ஆகியவை செழித்து வளரும் வளமான பூமி அது. இவ்வட்டாரத்தைச் சேர்ந்த சோம்பேட்டை, கவிட்டி, பலாசா முதலிய பகுதிகளின் கிராமங்களில் பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. நோயுற்றோரில் பலருக்குச் சர்க்கரை வியாதி இல்லை. நோயின் காரணமும் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை. நிலத்தடி நீரிலுள்ள பொருள்கள், வெயிலில் நீர் குறைந்த நிலையில் கடின உழைப்பு, வலி மருந்துகளை அளவின்றி உட்கொள்ளுதல் எனப் பல கருத்துக்கள் ஆராயப்பட்டு வருகின்றன. இளநீரில் பொட்டாசியம் மிகுந்திருப்பதால், தென்னந்தோப்புக்களின் நடுவே வாழும் இந்நோயாளிகள் இளநீர் பருகலாகாது என்று டாக்டர்கள் விலக்குகின்றனர்.

முன்னர் இவ்வட்டாரத்தில் நிபுணரும் இல்லை; டயாலிஸிஸ் யந்திரமும் இல்லை. நோயாளிகள் ஸ்ரீகாகுளத்திற்கோ, ரயில் மார்க்கமாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விசாகப்பட்டினத்திற்கோ செல்ல வேண்டியிருந்தது. வாரத்திற்கு மூன்று முறை அவ்வளவு தூரம் போய் வருதல் கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு எளிதன்று. நகரத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினாலோ ஊரில் வேலையும் வருமானமும் அற்றுப்போகும். இவ்விரண்டில் எதையும் தாங்க இயலாதவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டனர் அல்லது கைவிட்டனர்.

பின்னர் சோம்பேட்டை, பலாசா முதலிய இடங்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே டயாலிஸிஸ் நிலையங்கள் ஏற்பட்டன. டயாலிஸிஸ் பெறும் நோயாளிகளின் மாத உதவித்தொகையை 2019-இல் மாநில அரசாங்கம் ரூ. 10,000 ஆக உயர்த்தியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட சிறுநீரக ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சி நிலையமும் திறந்து வைக்கப்பட்டன. ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே கிராமங்களுக்குக் குடிநீர் வழங்கும் திட்டமும் அதே சமயத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. மாத உதவித்தொகை மருந்துக்கென்று மட்டும் அளிக்கப்படுவதன்று. குடும்பத்தின் பிரயாணச் செலவிற்கும் இழந்த கூலிக்கும் அது ஓரளவு ஈடு செய்கிறது. யந்திரத்தை நோயாளியின் அருகே கொண்டு செல்லுதல், தூரத்தினால் ஏற்படும் இழப்பைப் பணமாக ஈடு செய்தல் என்ற இரு வழிகளையும் உத்தானத்தில் ஒருங்கே காணலாம்.

மாற்றுச் சிறுநீரகமும் நெடுநாள் தங்குதலும்

தகுந்த நோயாளிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதலே சிறந்த சிகிச்சை என்பது மருத்துவர் துணிபு. 1954-இல் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களிடையே செய்யப்பட்ட அறுவையே வெற்றி பெற்ற முதல் சிகிச்சையாகும். நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இது வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. வேலூருக்கு இன்றும் வங்காளம், ஜார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய தூரப் பிரதேசங்களிலிருந்து பல்வகை நோயாளிகள் வருகின்றனர். ஹௌராவிலிருந்து காட்பாடிக்கு ரயில் தூரம் 1,700 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி, ஹிந்தி எழுத்துக்களைத் தாங்கிய விடுதிப் பலகைகள் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இச்சிகிச்சையில் பிரயாணங்கள் குறைவு; ஆனால் தங்குதல் நீண்டது. முதலில் நோயாளிக்கும் சிறுநீரகம் அளிப்பவருக்கும் பல சோதனைகள் நடைபெற வேண்டும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, உறுப்பு விற்பனையைத் தடுக்கும் பொருட்டு, உறவு முறையை நிரூபிக்கும் பத்திரங்கள் பரிசீலிக்கப்படுகின்றன. சட்டம் அவசியமானதே. எனினும் ஒரு பத்திரம் குறைந்தால் அதைப் பெறுவதற்காகச் சொந்த ஊருக்கு மீண்டும் ஒரு நெடும் பிரயாணம் நேரிடுகிறது. அறுவைக்குப்பின் முதல் சில மாதங்களில் வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை இரத்தத்தைச் சோதித்து மருந்தின் அளவைத் திருத்த வேண்டியிருப்பதால், நோயாளி ஆஸ்பத்திரியின் அருகிலேயே சுகாதாரமான அறையில் தங்குதல் அவசியம். அவ்வளவு காலமும் வாடகையும் சமையற் செலவும் உண்டு.

சிறுநீரகம் அளிப்பவரின் இழப்பு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அவர் பல சந்தர்ப்பங்களில் நோயாளியின் தாயாகவோ மனைவியாகவோ இருக்கிறார். அறுவைக்குப்பின் ஏறக்குறைய ஆறு வாரங்கள் கடின வேலை செய்யலாகாது. ஒரே குடும்பத்தில் இருவர் ஒரே காலத்தில் வேலைக்குச் செல்ல இயலாத நிலை ஏற்படுகிறது. பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாமலிருக்க நோயாளி வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். அம்மருந்து சிற்றூர்க் கடைகளில் கிடைப்பதில்லை. கிடைக்காமையாலோ பணமின்மையாலோ சில நாட்கள் நிறுத்தினாலும், அரும்பாடுபட்டுப் பெற்ற சிறுநீரகம் கெட்டுவிடக்கூடும்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

தூரத்தை வெல்ல மற்றொரு வழியும் உண்டு. வயிற்றின் உட்புறத்தைச் சூழ்ந்துள்ள சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறை அது. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த பொப்போவிச், மொன்கிரீப் என்போர் இதைத் தொடர் சிகிச்சையாக வகுத்தனர். வயிற்றில் பொருத்திய மென்குழாயின் வழியே இரண்டு லிட்டர் கரைசலை உள்ளே செலுத்தி, சில மணி நேரம் கழித்து வெளியேற்றிவிட்டுப் புதிய கரைசலை நிரப்ப வேண்டும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை நோயாளியே வீட்டில் இதைச் செய்துகொள்ளலாம். யந்திரமும் மின்சாரமும் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு முறை அல்லது அதற்கும் குறைவாகச் சென்றால் போதுமானது.

எனினும் இதிலும் தூரம் மறைந்துவிடுவதில்லை. நோயாளி பிரயாணம் செய்வதற்குப் பதிலாகக் கரைசல் பைகள் பிரயாணம் செய்கின்றன. நான்கு முறை வீதம் நாளொன்றுக்கு 8 லிட்டர். மாதத்திற்கு 240 லிட்டர். கால் டன் எடைக்குச் சற்றே குறைவான இப்பைகளைக் கிராமத்திற்குக் கொண்டுவந்து சேர்க்கவும், வெயில் படாமல் அடுக்கிவைக்கவும் வசதி வேண்டும். கைகளைச் சோப்பினால் நன்கு கழுவத் தூய நீரும், தூசியற்ற ஓர் அறையும் இன்றியமையாதவை. சுத்தம் குறைந்தால் வயிற்றுச் சவ்வில் கிருமிகள் தொற்றும். தாய்லாந்து அரசாங்கம் 2008-இல் தன் பொதுக் காப்புத் திட்டத்தில் இம்முறைக்கு முதலிடம் அளித்தபோது, பைகளை நோயாளியின் இல்லத்திற்கே கொண்டு சேர்க்கவும் ஏற்பாடு செய்தது. 2022-இல் எம்முறையை மேற்கொள்வது என்பதை நோயாளியும் டாக்டரும் கலந்து முடிவு செய்யலாம் என்று அது மாற்றப்பட்டது. நம் நாட்டிலும் 2019-இல் இம்முறையைத் தேசியத் திட்டத்தில் சேர்ப்பதற்கான வழிமுறைகள் வெளியிடப்பட்டன. மலைப் பிரதேசங்களுக்கும் தீவுகளுக்கும் இது பெரிதும் ஏற்றதாகும்.

கிடைக்கக்கூடிய உதவிகள்

2016-இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிஸிஸ் திட்டத்தின் கீழ் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் நிலையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. வறுமைக் கோட்டின் கீழுள்ளோருக்கு அவற்றில் கட்டணமில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதி பெற்ற குடும்பங்களுக்கு ஆண்டிற்கு ரூ. 5 லட்சம் வரையில் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது; டயாலிஸிஸும் அதில் அடங்கும். ரயில்வே இலாகா, டயாலிஸிஸிற்கோ சிறுநீரக மாற்று அறுவைக்கோ செல்லும் நோயாளிக்கும் துணைவர் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் கட்டணத்தில் 75 சதவிகிதம் சலுகை அளிக்கிறது. இதற்கு உரிய படிவத்தில் டாக்டரின் சான்று வேண்டும். 2020-இல் பல வகைச் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளுக்குரிய சலுகைகள் நிறுத்தப்படவில்லை. ஆயினும் ரயில் நிலையம் வரை செல்லும் வழியும், ரயிலே இல்லாத ஊர்களும் இச்சலுகையின் எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. சில மாநிலங்கள் பஸ் பிரயாணத்திலும் உதவி செய்கின்றன. சிகிச்சையைத் தொடங்கும் நாளிலேயே இவற்றைப் பற்றி ஆஸ்பத்திரியின் சமூகநலப் பணியாளரிடம் விசாரித்தறிதல் நன்று. பின்னர் அறிந்தால் அதற்குள் கடன் பெருகியிருக்கும்.

பெரும் பொருட்செலவின்றி நிலையங்களே செய்யத்தக்கவையும் உள்ளன. தொலைவிலிருந்து வருவோருக்குக் காலை முறையை ஒதுக்கினால் அவர்கள் பகலிலேயே பஸ் ஏறி வீடு திரும்பலாம். உள்ளூர்வாசிகள் மாலை முறைக்கு வருவதில் சிரமம் குறைவு. டாக்டரைக் காண்பதும், இரத்தச் சோதனையும், மருந்து பெறுவதும் டயாலிஸிஸ் நாளிலேயே நடைபெறுமாயின் மாதத்தில் இரண்டு மூன்று பிரயாணங்கள் மிஞ்சும். மருந்தை ஒரு மாதத்திற்குச் சேர்த்து வழங்குதல், நிபுணரின் ஆலோசனையைத் தொலைபேசி வாயிலாகவோ 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி சேவை மூலமாகவோ அளித்தல், நோயாளியின் சீட்டில் அவர் ஊரின் தூரத்தையும் குறித்துவைத்தல் ஆகியவையும் அத்தகையனவே. எவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்ற விவரம் இருந்தால், அடுத்த நிலையத்தை எந்த ஊரில் அமைப்பது என்பதை ஊகமின்றி முடிவு செய்யலாம்.

தேவைப்படாத பிரயாணம்

எல்லாவற்றிலும் செலவு குறைந்தது, செய்ய வேண்டிய தேவையே ஏற்படாத பிரயாணமாகும். சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் ஆண்டிற்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும், இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்றும் சோதித்துக்கொண்டால் நோயை ஆரம்பத்திலேயே கண்டறியலாம். இச்சோதனைகளுக்குப் பெருநகரம் செல்ல வேண்டுவதில்லை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, டாக்டரின் ஆலோசனையின்றி வலி மருந்துகளை உட்கொள்வதைத் தவிர்த்தால், டயாலிஸிஸ் தேவைப்படும் காலத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட இயலும். அவ்வாறு தள்ளிப்போன ஒவ்வோர் ஆண்டும் முற்கூறிய தொழிலாளிக்கு 156 நாட்களையும் 18,720 கிலோமீட்டரையும் மிச்சப்படுத்துகிறது.

ஒரு சிகிச்சை இலவசமா அன்றா என்பதை ஆஸ்பத்திரியின் வாயிலில் நின்று முடிவு செய்தல் பொருந்தாது. நோயாளியின் வீட்டு வாசலிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். யந்திரங்களின் எண்ணிக்கை பெருகுவது வரவேற்கத்தக்கதே. அவற்றுள் ஒன்றையேனும் விடியற்காலையில் புறப்பட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பத்தக்க தூரத்தில் ஒவ்வொரு நோயாளியும் பெறும் நாளில்தான், அறிவியல் தந்த இந்த நீடித்த ஆயுள் நகரவாசிக்கும் கிராமவாசிக்கும் ஒரே அளவில் உரியதாகும்.